மூன்று பேர் படுக்கும் கூடாரம்

கெல்லிவில், சிட்னி
2 மே 2025

அன்புள்ள தம்பி சிறிக்கு,

பிறின்சிக்கு இது ஏழாவது மாதம். நேற்று ஹரிஸ் பார்க்கில் புடவைக்கடை வாசலில் நின்றபோது மரியமலர் அன்ரி மெல்பேர்ண் பொயிண்ட் குக்கிலிருந்து தொலைபேசியில் சொன்னார். பிறின்சியின் சொந்தச் சித்தி சொல்லும் தகவலைச் சந்தேகிக்க இடமில்லை. என் தம்பிக்குப் பிள்ளை பிறக்கப்போவதை ஒரு சீலைக்கு விலை கேட்டுக்கொண்டே அறிந்தேன்.

நானும் அத்தானும் சுகம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும். உன் தொலைபேசி மார்ச்சிலிருந்து பாவனையில் இல்லை என்கிறது. பிறின்சியுடையதும் அப்படித்தான். அன்ரியிடம் கேட்டேன். "அவை வேலை விஷயமா இடம் மாறினவை பிள்ளை. கடிதம் போடுறதெண்டா இந்தக் கடை விலாசத்துக்குப் போடு" என்றார். அதற்கு மேல் கேட்டதும் குசினியில் கறி அடிப்பிடிக்கிறது என்று வைத்துவிட்டார். அவர் வீட்டில் எப்போதும் ஒரு கறி அடிப்பிடித்துக்கொண்டிருக்கும்.

நீ தடுப்பு முகாமில் இருந்த இரண்டு வருடமும் நமக்குள் கடிதம்தான் ஓடியது. அப்போது எல்லாவற்றையும் எழுதினாய். இப்போது ஏன் சுருங்கினாய்?

பிறின்சி என்ன சாப்பிடுகிறாள், எந்த ஆஸ்பத்திரி, எந்த வீடு. மூன்றுக்கும் பதில் எழுது.

என்றும் உன் அக்கா,
யோகா

*

14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசிக்கத் தொடங்கியபோது, நலம் விசாரிக்கும் முன்பே விஷயம் வந்ததால், வானொலியில் செய்தி கேட்பது போல இருந்தது. பிறின்சி சிரித்தாள். அவள் சுகம், நானும் சுகம். அத்தானுடைய முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறோம்.

சொல்லக்கூடாது என்று இல்லை அக்கா. முதல் தடவை நான்காம் மாதத்தில் தவறிப்போனதால் அவள் யாருக்கும் சொல்லவேண்டாம் என்றாள். யூலைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

நான் மெல்பேர்ணுக்குக் கிழக்கே மலைப்பக்கம் ஒரு பூந்தோட்டத்தில் வேலை செய்கிறேன். இங்கே தொலைபேசி எடுக்காது. கடையும் தபாற்கந்தோரும் ஒன்றுதான். கிழமைக்கு ஒரு முறை, திங்களன்று, கீழே இறங்கிச் சாமானும் கடிதமும் எடுப்பேன். இடம் வடிவானது. காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார் மூடியிருக்கும். குளிர் தொடங்கிவிட்டது.

உங்களிடம் ஓர் உதவி. சிறிய கன்வஸ் கூடாரம் ஒன்றுக்கு விறகு அடுப்பு தேவை. கூடாரம் வட்டம், குறுக்கே நாலு மீற்றர், நடுவில் ஒரு கம்பம். வேலையிடத்துப் பெடியளோடு வார விடுமுறையில் காட்டுப்பக்கம் போய்த் தங்குகிறோம். இங்கே கடைகளில் விலை எட்டாது. பரமற்றாவுக்குக் கிட்ட பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் அத்தான் முன்பு கதிரைகள் வாங்கினவர்தானே, அவரிடம் கேட்க முடியுமா? விலை குறைவாக இருக்க வேண்டும். ஒரு முறை விறகு போட்டால் விடியும்வரை எரிய வேண்டும். அதுதான் முக்கியம்.

அன்புடன்,
சிறி

*

கெல்லிவில்
24 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு ஏற்ற அடுப்பு இருக்கிறது. நேரில் பார்த்து, கதவைத் திறந்து மூடி, கை கரியாகத் திரும்பினேன். விற்பவர் பெயர் கிரெயம். எழுபது வயது இருக்கும். கூடாரம் அடித்துத் திரிவதே வாழ்க்கையாக இருந்தவர்.

அவரிடம் மூன்று இருந்தன. முதலாவது மடிக்கிற தகரப் பெட்டி, புதிது, மிக மலிவு. நாலு தடவை எரித்தால் நெளிந்து பொருத்துகளால் புகை கக்கும் என்று அவரே சொன்னார். தான் விற்கும் பொருளைப் பற்றி இப்படிச் சொல்பவரை நம்பலாம் என்று அத்தான் காதில் சொன்னார். இரண்டாவது பாவித்தது. தடித்த இரும்புத் தகட்டில் யாரோ ஒட்டிச் செய்தது, கால் நான்கும் கழற்றலாம், முழங்கை நீள விறகு போகும். மூன்றாவது கண்ணாடிக் கதவு வைத்தது. நல்லதுதான், விலை உனக்கு ஆகாது.

இரண்டாவதைச் சொன்னேன். அப்போது அவர் சொன்னவற்றை அப்படியே தருகிறேன். புகைக்குழாய் கன்வஸைத் தொடக்கூடாது. அது வெளியே போகும் இடத்துக்குச் சூடு தாங்கும் வளையம் ஒன்று வேண்டும். குழாயின் வாய் கூடாரத்தின் உச்சியைவிட உயரத்தில், பொறி தடுக்கும் வலையோடு நிற்க வேண்டும். அடுப்புக்குக் கீழே தீத்தாங்கும் பாய். கூடாரத்தில் கீழே ஒரு வழியும் மேலே ஒரு வழியும் எந்தக் குளிரிலும் திறந்திருக்க வேண்டும். அடுப்பிலிருந்து நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சு வாயு வரலாம். அதற்கு ஓர் அலாரம் கட்டாயம்.

விடியும்வரை எரிய வேண்டும் என்று கேட்டதும் அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். இந்த அளவு அடுப்பு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது, தாங்கினாலும் நெருப்பை அணைத்துவிட்டுத்தான் நித்திரைக்குப் போக வேண்டும் என்றார். பிறகு என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். அதில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? எத்தனை இரவு?

எனக்குத் தெரியவில்லை என்றேன். நீ எழுது.

உன் கடிதங்களின் அடியில் பிறின்சி வழக்கமாக எழுதும் நாலு வரி இந்த முறை இல்லை. வீடு பற்றியும் ஆஸ்பத்திரி பற்றியும் நான் கேட்டவை இன்னும் நிற்கின்றன.

அன்புடன் அக்கா,
யோகா

*

8 யூன் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீங்கள் கடைக்குப் போய்க் கை கரியாக நின்றதை வாசிக்க மனதுக்குப் பெரிய ஆறுதல். இரண்டாவதையே எடுங்கோ. அந்த வளையமும் வலையும் அவரிடம் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கோ. காசை அடுத்த சம்பளத்தில் அனுப்பிவிடுவேன்.

மூன்று பேர் படுப்பார்கள். அனுஷன், பிரஷாந்தன், நான்.

இன்னும் சில விஷயம் அவரிடம் கேட்க வேண்டும். அடுப்பின் மேல் தண்ணீர்ப் பானை எப்போதும் வைத்திருக்கலாமா? அடுப்புக்குக் கிட்டக் கொடி கட்டித் துணி காயப்போடுவதென்றால் எவ்வளவு தூரம் விடவேண்டும்? காற்று மேற்கிலிருந்து அடித்தால் குழாயால் புகை திரும்பி உள்ளே வருமா? வந்தால் என்ன செய்வது?

போன கிழமை பனி உறைந்து வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி போல நின்றது. கையால் உடைத்தேன்.

பிறின்சிக்குக் கால் வீக்கம், அதனால் எழுதவில்லை. அடுத்த முறை எழுதுவாள்.

சிறி

*

கெல்லிவில்
18 யூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அடுப்பு இன்று லொறியில் ஏறியது. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து சேரும் என்று ஏற்றியவர் சொன்னார். அத்தான் கந்தோரிலிருந்து அரை நாள் லீவு போட்டு, பழைய போர்வைகளால் சுற்றிக் கட்டினார். அலாரத்தை அடுப்புக்குள்ளேயே வைத்திருக்கிறேன். விறகு போடுவதற்கு முன் அதை வெளியே எடு. தலைமாட்டு உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்று கிரெயம் சொன்னார். சம்பளத்தைப் பற்றி எழுதாதே, பிள்ளைக்கு மாமி செய்கிற முதல் செலவு என்று வைத்துக்கொள்.

தண்ணீர்ப் பானை வைக்கலாமாம். துணிக்கு ஒரு மீற்றர் விட வேண்டுமாம். புகை திரும்பினால் குழாயை இன்னும் உயர்த்த வேண்டுமாம். இவற்றைச் சொல்லிவிட்டு, வார விடுமுறைக்குப் போகிறவர்கள் எந்தத் துணியைக் காயப்போடுகிறார்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நானும் அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அனுஷனின் தாயைக் கண்டேன். அவன் தையிலிருந்து பிரிஸ்பேனில் வேலை செய்கிறான் என்றார். மெல்பேர்ண் பக்கம் போகவே இல்லையாம்.

உன்னைப் பிடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை, சிறி. கீழே அறை சும்மா கிடக்கிறது. ஹீற்றர் புதிது. நீங்கள் இருவரும் முன்பு இருந்த அதே அறைதான். பிள்ளை பிறக்கும்வரையாவது வந்து நில்லுங்கோ. அத்தானும் அதைத்தான் சொல்கிறார். இரண்டு தடவை சொன்னார். ஒரு விஷயத்தை அவர் இரண்டு தடவை சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

உடனே பதில் போடு.

அக்கா,
யோகா

*

22 யூலை 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வெள்ளிக்கிழமை, பதினெட்டாம் திகதி, எங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நிறை கொஞ்சம் குறைவு, பால் குடித்தால் ஏறும் என்று தாதி சொன்னா. தலை நிறைய மயிர். மூக்கு உங்களுடையது. இதைப் பிறின்சி கவலையோடுதான் சொன்னாள்.

பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். வேலை கூட. அடுப்பு பத்திரமாக வந்தது. நல்ல அடுப்பு. மூட்டியதும் பத்து நிமிடத்தில் உள்ளே மேற்சட்டை கழற்றலாம். ஆனால் அவர் சொன்னது போல இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை. காற்று எழும்பினால் புகை திரும்புகிறது. குழாயை உயர்த்திக் கம்பியால் கட்டிப் பார்த்தேன். பெரிய மாற்றமில்லை.

பிறின்சியின் பத்தியக் கறிக்குச் சரக்குத் தூள் வேண்டும். இங்கே மல்லியும் மிளகும் கிடைக்கும், திப்பிலி கிடைக்காது. நீங்கள் இடித்து அனுப்பினால் நல்லது.

சிறி

மச்சாள், நான் சுகமாக இருக்கிறேன். பிள்ளை வடிவு. உங்களை நினைக்கிறேன். பி.

*

கெல்லிவில்
29 யூலை 2025

அன்புள்ள சிறிக்கும் பிறின்சிக்கும் என் மருமகளுக்கும்,

உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்கும் முன் அத்தான் சாமி அறையில் விளக்கைக் கொளுத்திவிட்டார். பின்னேரம், தான் ஏற்கெனவே கொளுத்தியதை மறந்து இன்னொரு முறை கொளுத்தினார். என் மூக்கைப் பற்றிய முறைப்பாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

பார்சல் தனியாக வருகிறது. சரக்குத் தூள், திப்பிலி கூடவே போட்டது. நல்லெண்ணெய். பிறின்சி முழுகும் வேது தண்ணிக்கு நொச்சியும் பாவட்டையும், காய்ந்தவைதான். சாம்பிராணி. பிறகு ஒரு தணல் சட்டி. ஹரிஸ் பார்க் முழுவதும் தேடி, கடைசியில் ஒரு பூசைச் சாமான் கடையில் எடுத்தேன். மண்சட்டி, உடையாமல் வர வேண்டும் என்று ஆறு துவாயால் சுற்றியிருக்கிறேன். துவாய்களும் பிள்ளைக்குத்தான்.

பிறின்சி, பிள்ளையைக் குளிக்க வார்த்த பிறகு தலைக்குப் புகை காட்டு. சிரட்டை கிடைக்காவிட்டால் விறகுத் தணலே போதும். வெளியே பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கித் தணல் சிவந்து வந்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். புகை பச்சைப்பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. நீயும் தலை முழுகினால் கட்டிலுக்குக் கீழே சற்று நேரம் வை, முதுகு நாரி நோவுக்கு இதமாக இருக்கும்.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாளுக்கு, ஓகஸ்ற் பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் வருகிறோம். விமானச்சீட்டு எடுத்தாயிற்று. வீட்டு விலாசத்தை அனுப்பு, சிறி. கடை விலாசத்தில் பிள்ளை பார்க்க முடியாது.

அன்புடன்,
யோகா

*

4 ஓகஸ்ற் 2025

அக்கா,

பார்சல் வந்தது. சட்டி உடையவில்லை. மிகவும் நன்றி.

முப்பத்தொன்றுக்கு வரவேண்டாம். மழைக்குத் தோட்டத்துப் பாதை பழுதாகிக் கார் ஏறாது. முதலாளியும் இல்லை, குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டார், மாதக் கடைசியில்தான் வருவார். பனிக்காலம் முடிய நாங்களே பிள்ளையோடு வாறோம்.

எல்லாரும் சுகம்.

சிறி

*

8 ஓகஸ்ற் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

இதை நான் இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தோட்டத்துக்கு உரம் கொண்டுவருகிற வண்டிக்காரர் இன்று மட்டும் மேலே வந்தார். தபாலில் போடும்படி அவரிடம் கொடுக்கிறேன். நீங்களும் அண்ணையும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

சீட்டு எடுத்துவிட்டோம் என்று நீங்கள் எழுதியதை வாசித்த பிறகும் வரவேண்டாம் என்று இவர் எழுதியது எனக்குப் பொறுக்கவில்லை. வந்தால் நீங்கள் காணப்போவதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எங்களுக்கு வீடு இல்லை. வாடகைக்கு இருந்த டண்டினோங் வீட்டைச் சொந்தக்காரர் மாசியில் விற்றுவிட்டார். இவருடைய விசாக் கடிதத்தில் மிச்சக்காலம் குறைவு என்று எந்த ஏஜென்ரும் வீடு தரவில்லை. தோட்டத்து முதலாளி நல்ல மனிதர், பின்வளவில் கூடாரம் அடிக்கலாம் என்றார். பங்குனியிலிருந்து அதற்குள்தான் இருக்கிறோம். நீங்கள் அனுப்பிய அடுப்பு அதற்குத்தான். மூன்று பேர் என்று இவர் எழுதியது எங்களைத்தான். ஆஸ்பத்திரியில் மலர் சித்தியின் விலாசத்தைக் கொடுத்தோம். துண்டு வெட்டி ஆஸ்பத்திரியால் விட்டதும் அங்கே நாலு நாள் நின்றோம். அவர் வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். சித்தியிடம் உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியவள் நான். அவரைக் கோபிக்க வேண்டாம்.

உங்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். நாங்கள் உங்களோடு இருந்தபோது நடந்த அந்தப் பிறந்தநாள் விழாவில் நான் கேக் பரிமாறிக்கொண்டு நின்றபோது அண்ணை யாரோ ஒருவரிடம், "இவையள் ரெண்டு பேரையும் நாங்கள்தான் வைச்சிருக்கிறம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தட்டோடு நின்று சிரித்தேன். அன்றிரவு இவர், "இனி ஆருடைய வீட்டுப் படியும் ஏற மாட்டன்" என்றார். இவரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் சட்டி வந்த நாளிலிருந்துதான் நாங்கள் நித்திரை கொள்கிறோம். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அடுப்பு பாதி இரவில் அணைந்துவிடும், காற்றுக்குப் புகை திரும்பும், பிள்ளை இருமும். இப்போது நீங்கள் எழுதியபடியே செய்கிறோம். படுக்கும் முன் அடுப்பை முழுவதும் மூடிவிடுகிறோம். இவர் வெளியே றெட் கம் என்கிற மரத்து விறகை எரித்து, துளி புகையும் இல்லாமல் தணலானதும் சட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே வைக்கிறார். பிறகு கூடாரத்தின் வழிகள் எல்லாவற்றிலும் படங்கை இழுத்துக் கட்டிவிடுவோம். அந்தக் கடைக்காரர் சொன்ன வாயு அடுப்பிலிருந்துதானே வரும்? அடுப்புத்தான் மூடியிருக்கிறதே. விடியும்வரை இளஞ்சூடு இருக்கிறது.

அந்த அலாரம்தான் சரியில்லை. முதல் இரவே கத்தத் தொடங்கிவிட்டது. டண்டினோங் வீட்டில் மிளகாய் பொரிக்கும்போதெல்லாம் ஒன்று கத்துமே, அதே மாதிரி. இங்கே புகையே இல்லை, அதற்கும் கத்துகிறது. பிள்ளை திடுக்கிட்டு எழும்பியதால் பற்றரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் மாற்றித் தரச் சொல்லலாம்.

எனக்குக் காலையில் தலையிடியும் ஓங்காளமும் இருக்கிறது. முழுகிய ஈரம் தலையில் நின்றதாக்கும். இவருக்கும் இரண்டு நாளாகத் தலை பாரம், மத்தியானத்தில் தெளிந்துவிடும். பிள்ளையால் ஒரு கரைச்சலும் இல்லை. முந்தி இரவில் நாலு தரம் பாலுக்கு அழுவாள். இப்போது விடியும்வரை அசையாமல் படுக்கிறாள். காலையில் நான்தான் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு.

நான் எழுதியதை இவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

அன்புள்ள மச்சாள்,
பிறின்சி

*

கெல்லிவில்
13 ஓகஸ்ற் 2025, புதன்

அன்புள்ள சிறி, பிறின்சி,

பொலிஸ் கார் தோட்டத்து வாசலுக்கு வந்துவிட்டது. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலிருந்து பேசிய பெண் பதினொரு மணிக்குச் சற்று முன் இதைச் சொன்னாள். வாசலுக்கு உள்ளே மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது. இரண்டு பேர் நடந்து மேலே போகிறார்கள். அம்புலன்ஸ் பின்னால் வருகிறது.

பிறின்சியின் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. தபாற்பெட்டியடியில் நின்றே வாசித்தேன். பிறகு கிரெயமை அழைத்தேன். நான் முடிக்கும் முன்னே அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுகிறேன்: தணல்தான் எல்லாவற்றிலும் மோசம். அடுப்புக்காவது குழாய் இருக்கிறது, சட்டிக்கு இல்லை. அலாரம் பழுதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பொலிசை அழை என்றார்.

அழைத்தேன். பிறகு உங்கள் தபாற்கடையை அழைத்தேன். கடைக்காரப் பெண் உன்னை நன்றாகத் தெரியும், தோட்டத்துக்கு வழியைப் பொலிசுக்குத் தானே சொல்கிறேன் என்றாள். திங்கட்கிழமை தவறாமல் வருகிறவன் இந்தத் திங்கள் வரவில்லையாம். பாதை பழுது என்பதால் வரவில்லையாக்கும் என்று நினைத்தாளாம். உனக்குப் பாலும் பாணும் எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னாள். செவ்வாய் இரவு உங்கள் பக்கம் கடும் பனி. அது வானிலை அறிவிப்பில் இருக்கிறது. வேறு யாரும் உங்களைக் கண்டதாக இதுவரை தகவல் இல்லை.

பாதை பழுதானதால் நீ இறங்காமல் இருந்திருக்கலாம். அதற்கும் இடமிருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்குமென்றால், செய்யவேண்டியது இது. சட்டியை மூடிவைக்காதே, தூக்கி வெளியே கொண்டுபோ. படங்குகளை அவிழ்த்துவிடு. இவை எல்லாவற்றுக்கும் முதல் பிள்ளையையும் தாயையும் வெளியே எடு, குளிரைப் பார்க்காதே. மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தலையிடி தெளிந்திருந்தாலும் போக வேண்டும். புகை அடங்கினால் உள்ளே எடு என்று நான் எழுதியது சுவரும் யன்னலும் உள்ள வீட்டை நினைத்து. கூடாரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அத்தானிடம் கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார். கேக் தட்டு வந்த இடத்தை மறுபடி வாசித்தார். "நான் அப்பிடியே சொன்னனான்?" என்று கேட்டார். ஓம் என்றேன். மேலே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். இப்போது காருக்குள் இருக்கிறார். இரண்டு மணி விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தொலைபேசி வரும்வரை நான் வீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

அந்தப் பொலிஸ் பெண் கூடாரத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டாள். உன் பெயரையும் பிறின்சியின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பிள்ளையின் பெயர் என்ன என்றாள். இன்னும் வைக்கவில்லை, எங்கள் ஆட்கள் முப்பத்தொன்றுக்குத்தான் வைப்போம், வருகிற ஞாயிறு என்றேன். அப்படியென்றால் பெண் குழந்தை என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

நடந்து போனவர்கள் கூடாரத்தை அடைந்ததும் தகவல் சொல்வார்கள். பன்னிரண்டு மணிக்கு முன் என்னை அழைப்பதாகச் சொன்னாள். இப்போது பதினொன்றே முக்கால்.

அக்கா